பெற்றோரின் மனக்கலக்கமும் பிள்ளைகளின் பதற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்குப் பதற்றம் அதிகம் என்று ஆலோசனைக்கு வரும் பெற்றோர், எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகு, கதவருகே நின்று ஒன்று கேட்பார்கள்: "எனக்கும் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். என்னாலதான் வந்துதா?" மணிக்கணக்கில் பேசியதெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று அப்போதுதான் புரியும். அதையும் அதைச் சுற்றி வரும் மற்ற கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்வோம். மனக்கலக்கம் என்று நான் சொல்வதில் ஓயாத கவலை, திடீர்ப் பீதி, மனச்சோர்வு, அடக்க முடியாத எரிச்சல் எல்லாமே அடக்கம். மருத்துவர் பெயர் வைத்த நோயாக இருந்தால்தான் கணக்கு என்றில்லை.

எனக்குப் பதற்றக் கோளாறு இருக்கிறது. பிள்ளைக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் இல்லை. வாய்ப்பு கூடுகிறது. பதற்றக் கோளாறு உள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடச் சில மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே ஆய்வுகளில், அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்தும் ஒரு கோளாறும் இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் மூத்தது புது ஆளைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளியும். இளையது போய் அவர் மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பதை இந்த விஷயத்தில் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நூல் தானாகச் சேலை ஆகிவிடுவதில்லை. நடுவில் ஒரு தறி இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தத் தறியைப் பற்றியவை.

பரம்பரை எவ்வளவு, வளர்ப்பு எவ்வளவு?

இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், பதற்றக் கோளாறுகளில் மரபணுவின் பங்கு சுமார் 30 முதல் 40 சதவீதம் என்று வருகிறது. இது ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. உங்கள் மகளின் பயத்தில் 35 சதவீதம் உங்கள் ரத்தம் என்று இதைப் படிக்கக் கூடாது. பலரும் அப்படித்தான் படித்துவிட்டு மனம் நோகிறார்கள்.

பெற்ற பிள்ளைக்கு மரபணுவையும் நாமே தருகிறோம், வளர்ப்பையும் நாமே தருகிறோம். அப்படியிருக்க, எது எந்த வழியாக வந்தது என்று எப்படிப் பிரிப்பது? லண்டனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் தாலியா ஈலியும் குழுவினரும் 2015-இல் இதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனில் இரட்டையராகப் பிறந்து பெற்றோரானவர்களையும் அவர்களுடைய பதின்வயதுப் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார்கள். 800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஒரே உருவ இரட்டையரில் அக்காவின் பிள்ளைக்குச் சித்தியும், மரபணுக் கணக்கில் பார்த்தால், இன்னொரு அம்மாதான். பதற்றம் ரத்தத்தின் வழியாக மட்டும் இறங்குவதென்றால், பிள்ளையின் பதற்றத்துக்கு அம்மாவோடு இருக்கும் அதே தொடர்பு சித்தியோடும் இருக்க வேண்டும். அப்படி இல்லை. கூடவே வாழ்கிற பெற்றோரின் பதற்றத்தோடுதான் அது ஒட்டிப்போனது. மரபணுவுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆனாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவதில் பெரும்பகுதி தினசரி வாழ்க்கையின் வழியாகப் போகிறது. நமக்குக் கைக்கெட்டும் பகுதியும் அதுதான்.

நான் பயத்தைச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே. பிள்ளை எங்கிருந்து பிடித்துக்கொள்கிறது?

முகத்திலிருந்து. 1985-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையைக் கேளுங்கள். உயரமான மேசை, மேலே கனமான கண்ணாடி. பாதி தூரம் வரை கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட துணி. அதற்கு அப்பால் துணி சுமார் ஒரு அடி கீழே இறங்கிவிடும். தவழ்ந்து வரும் குழந்தைக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தையை இந்தப் பக்கம் விட்டு, அந்தப் பக்கம் அம்மாவை நிற்க வைத்தார்கள். அம்மா ஒரு சொல்லும் பேசக் கூடாது, முகத்தில் மட்டும் உணர்ச்சி காட்ட வேண்டும். பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் குழந்தைகள் நின்று, தலையைத் தூக்கி அம்மா முகத்தைப் பார்த்தார்கள். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 பேரில் 14 பேர் கடந்து வந்துவிட்டார்கள். பயந்த முகத்தைக் கண்ட 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை.

குழந்தை ஆபத்தை அளக்கும் கோல் நம் முகம்தான். 2002-இல் வந்த இன்னொரு ஆய்வில், ரப்பர் பாம்பையோ சிலந்தியையோ அம்மா அருவருப்போடும் பயத்தோடும் பார்ப்பதை ஒன்றரை வயதுக் குழந்தைகள் கண்டார்கள். சில நிமிடங்கள் கழித்து, அம்மா சாதாரணமாக இருந்தபோதும், அந்தப் பொம்மையை விட்டு விலகினார்கள்.

இனி ஒரு பூங்காவுக்குப் போவோம். நாலு வயதுப் பையன் சறுக்குமரத்தின் ஏணியில் ஏறுகிறான். கீழே நிற்கும் அப்பா: "பார்த்து... பார்த்துடா... கெட்டியா பிடிச்சுக்கோ... பார்த்து!" பையன் மூன்றாவது படியில் நின்று, எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று சுற்றுமுற்றும் பார்க்கிறான். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அப்பாவின் குரல் நடுங்குகிறது. ஆக, தன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. கால் பின்வாங்குகிறது. நாம் நாளுக்கு எத்தனை முறை 'பார்த்து' சொல்கிறோம் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். மதியத்துக்குள் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

நான் எதையும் வெளியே காட்டிக்கொள்வதில்லை. சிரித்த முகமாகத்தான் இருக்கிறேன். அது போதாதா?

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டவைத்தால் பிள்ளை ஏமாறுவதில்லை. 2014-இல் சாரா வாட்டர்ஸ், வெண்டி மென்டிஸ் ஆகியோர் செய்த ஆய்வில், அம்மாக்களைத் தனியாக அழைத்துப்போய், முகம் சுளிக்கும் ஆட்களின் முன் பேச வைத்துப் படபடப்பு ஏற்படுத்தினார்கள். பிறகு குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். நடந்தது எதுவும் தெரியாத அந்த ஒரு வயதுக் குழந்தைகளின் இதயத்துடிப்பும் கொஞ்ச நேரத்தில் அம்மாவுடையதைப் பின்தொடரத் தொடங்கியது. பெரிய பிள்ளைகளை வைத்துச் செய்த பிந்தைய ஆய்வில், பெற்றோர் உணர்ச்சியை உள்ளே அமுக்கிக்கொண்டு பிள்ளையோடு பேசியபோது, இரு பக்கமும் பேச்சில் கனிவு குறைந்தது.

அதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. "அம்மாவுக்கு இன்னிக்கு ஒரு வேலையை நினைச்சு படபடப்பா இருக்கு. உன்னால இல்ல. கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்தா சரியாயிடும்." இதைச் சொல்ல பத்து நொடி ஆகும். உணர்ச்சிக்கு ஒரு பெயர், காரணம் பிள்ளை இல்லை என்ற உறுதி, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்ற தகவல். சொன்னபடி நடந்துவிட்டும் வர வேண்டும், பிள்ளை அதைக் கவனிக்கும்.

பிள்ளை பயப்படும்போது ஆறுதல் சொல்கிறேன், கூடவே இருக்கிறேன், பயப்படுகிற இடத்துக்கு அனுப்புவதில்லை. இதில் என்ன தப்பு?

கேட்டால் கஷ்டமாக இருக்கும். என் கணிப்பில் பெற்றோரின் பதற்றம் பிள்ளைக்குள் போகும் பெரிய வாசலே இதுதான்.

ஒரு ஒன்பது வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு விளக்கை அணைத்ததும் கேட்கிறாள்: "அம்மா, நாளைக்கு உனக்கு ஒண்ணும் ஆகாதே?" "ஆகாதுடா கண்ணு." ஐந்து நிமிடம் அமைதி. "அம்மா, நிஜமா?" "நிஜமாத்தான்." பிறகு தண்ணீர் வேண்டும். பிறகு அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும். பிறகு அம்மாவின் கை தன்மேல் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அதே கேள்வி ஓர் இரவில் இருபது முறை வருகிறது. பதிலும் ஒரே சொற்களில், ஒரே குரலில் இருக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா தன் வேலை, தூக்கம், வெளியே போவது எல்லாவற்றையும் இதற்கேற்ப வளைத்துக்கொண்டுவிட்டாள்.

ஒவ்வொரு பதிலும் அந்த நேரத்துக்கு வேலை செய்கிறது. அதுதான் சிக்கல். பயம் சட்டென்று இறங்குகிறது, மூளை 'கேட்டதால்தான் தப்பித்தேன்' என்று எழுதிக்கொள்கிறது. கேட்காமலே இருந்திருந்தாலும் பயம் தானாக இறங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அவளுக்குக் கிடைப்பதில்லை. பிள்ளையின் பயத்துக்கு வீடு இப்படி வளைந்துகொடுப்பதை ஆய்வாளர்கள் தனியாகவே படிக்கிறார்கள். பதற்றக் கோளாறு உள்ள பிள்ளைகளின் வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது.

இதில் பெற்றோரின் சொந்தப் பதற்றம் எங்கே வருகிறது? பிள்ளை அழும்போது எல்லாப் பெற்றோருக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஏற்கெனவே பதற்றம் உள்ளவருக்கு அது தாங்கவே முடியாத அளவுக்குப் போய்விடும். 'சரி, இன்றைக்குப் போக வேண்டாம்' என்று சொன்ன நொடியில் பிள்ளையும் அடங்குகிறது, நாமும் அடங்குகிறோம். யாருடைய பயத்துக்காக அதைச் சொன்னோம் என்று அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கவும் முடியாது.

சரி, வளைந்துகொடுக்காமல் எப்படி இருப்பது? அழ விட்டுவிடுவதா?

இல்லை. திடீரென்று கதவைச் சாத்துவது வேறு, படிப்படியாகக் கையை எடுப்பது வேறு.

யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையத்தில் எலி லெபோவிட்ஸ் என்பவர் பெற்றோருக்கு மட்டுமான ஒரு பயிற்சியை உருவாக்கினார். பிள்ளை மருத்துவர் அறைக்கே வர வேண்டியதில்லை. 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளை வைத்து ஒப்பிட்டார்கள். பாதிப் பேருக்குப் பிள்ளையோடு நேரடியாகச் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. மீதிப் பேருக்குப் பெற்றோர் பயிற்சி மட்டும். 12 அமர்வுகள். பெற்றோர் பயிற்சி, நேரடிச் சிகிச்சைக்கு எந்த வகையிலும் பின்தங்கவில்லை. இதை முதலில் படித்தபோது எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது.

அதன் சாரம் இரண்டு வேலைகள். ஒன்று, பேச்சை மாற்றுவது. "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்பதும் வேண்டாம், "ஐயோ பாவம், நீ போக வேண்டாம்" என்பதும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. உன்னால இதைத் தாங்க முடியும்னும் தெரியுது." இரண்டு வாக்கியமும் சேர்ந்துதான் வர வேண்டும். முதல் வாக்கியம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு அது கண்டிப்புபோலக் கேட்கும். இரண்டாவது இல்லாவிட்டால் பயத்துக்கு ஒத்து ஊதுவதாகிவிடும்.

இன்னொன்று, நம் செயலைக் குறைப்பது. பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதை மட்டும் தீர்மானிக்கிறோம். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அம்மா என்றால், பகலில், எல்லாரும் நிதானமாக இருக்கும் நேரத்தில் சொல்லிவிட வேண்டும்: "இனிமே ராத்திரி அந்தக் கேள்விக்கு ஒரு தடவைதான் பதில் சொல்வேன். கஷ்டமா இருக்கும். நீ சமாளிச்சுடுவே." இரவில் அப்படியே நடக்க வேண்டும். முதல் சில நாள் அழுகையும் கோபமும் கூடும். அதற்கு முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளாமல் தொடங்காதீர்கள். நடுவில் விட்டுவிட்டால், நீண்ட நேரம் அழுதால் பதில் வரும் என்ற பாடம்தான் மிஞ்சும்.

ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளியில் யாராவது அடிக்கிறார்கள், தகாத முறையில் தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் அந்தப் பயம் நியாயமானது. அங்கே செய்ய வேண்டியது பாதுகாப்பு. மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது.

எனக்குக் கவலை இல்லை, மனச்சோர்வுதான். அதற்கும் பிள்ளையின் பதற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வழி கொஞ்சம் வேறு. பதற்றமுள்ள பெற்றோர் அளவுக்கு மீறித் தலையிடுவார்கள். சோர்ந்துபோனவர் பதிலே தராமல் போய்விடுகிறார். 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த பரிசோதனையில், குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். சில நிமிடங்கள்தான். குழந்தை சிரிக்கிறது, கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது. எதற்கும் பதில் இல்லை என்றதும் கடைசியில் உடலைத் திருப்பி வேறெங்கோ பார்க்கத் தொடங்குகிறது.

சோர்வு எரிச்சலாகவும் வரும். நேற்றுப் பால் கொட்டியபோது சிரித்த அப்பா இன்றைக்கு அதே பாலுக்குக் கத்துகிறார். எப்போது எது வரும் என்று தெரியாத வீட்டில் பிள்ளை எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். சாவி திருகும் சத்தத்தை வைத்தே இன்றைய பொழுது எப்படி என்று கணித்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைப் 'பொறுப்பான பிள்ளை' என்பார்கள்.

இதே ட்ரோனிக்தான் ஆறுதலான இன்னொன்றையும் கண்டார். நல்ல நிலையில் உள்ள அம்மாவும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் சரியாக ஒத்திசைவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதும். கத்திய பிறகு போய், "அப்பா கத்தினது தப்பு, உன்மேல கோபம் இல்ல" என்று சொல்வது அந்தத் திரும்பப் பிடித்தல்தான்.

கர்ப்ப காலத்தில் நான் மிகவும் கவலையில் இருந்தேன். அப்போதே பாதித்திருக்குமா?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992-இல் கர்ப்பமாக இருந்த ஆயிரக்கணக்கான பெண்களையும் அவர்களின் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் கடுமையான பதற்றத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளிடம் நாலு வயதில் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் அதே ஆய்வில், அப்படிப்பட்ட பதற்றத்தோடு கர்ப்பத்தைக் கடந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். முடிந்துபோன கர்ப்பத்தை நினைத்து இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் ஒரு பயனும் இல்லை. இப்போது கர்ப்பமாக இருப்பவர் என்றால், பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் பரிசோதனைக்குப் போகும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லா ஆய்விலும் அம்மா, அம்மா என்றே வருகிறதே. அப்பாவுக்குப் பங்கில்லையா?

நியாயமான கேள்வி. அம்மாக்களை ஆய்வுக்கு அழைப்பது எளிது என்பதால் பல காலம் அவர்களை மட்டுமே அழைத்தார்கள். அதனால் பழியும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. மனைவியின் கர்ப்ப காலத்திலும் பேறுக்குப் பிந்தைய முதல் ஆண்டிலும் ஆண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்பது 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்கு. அவர்களில் பலர் அதைச் சோர்வு என்று சொல்வதில்லை; 'வேலை டென்ஷன்' என்பார்கள்.

உண்மையைச் சொன்னால், பிள்ளைதான் என்னைப் பதற்றப்படுத்துகிறது. முதலில் வந்தது எது?

இதைச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள். கூச்சமே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் ஹட்சன் குழுவினர் 2009-இல் அம்மாக்களை மாற்றி உட்கார வைத்துப் பார்த்தார்கள். பதற்றமுள்ள பிள்ளையின் அம்மா வேறொரு சாதாரணப் பிள்ளையோடு; சாதாரணப் பிள்ளையின் அம்மா பதற்றமுள்ள பிள்ளையோடு. பதற்றமுள்ள பிள்ளையோடு உட்கார்ந்தபோது எந்த அம்மாவும் கூடுதலாகத் தலையிட்டு உதவத் தொடங்கிவிட்டார். பிள்ளையின் தயக்கம் பெரியவரின் கையை இழுக்கிறது. பெரியவரின் கை தயக்கத்தை வளர்க்கிறது.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். வளர்ப்பு முறைக்கும் பிள்ளையின் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளை 2007-இல் சேர்த்துப் பார்த்தபோது, பதற்றத்தில் உள்ள வேறுபாட்டில் சராசரியாகச் சுமார் 4 சதவீதத்தைத்தான் வளர்ப்பு முறை விளக்கியது. வளர்ப்பில் எல்லாக் கூறுகளும் ஒரே எடை இல்லை என்பதும் அதே தொகுப்பாய்வில் தெரிந்தது. பிள்ளை தானாகச் செய்யவும் தானாக முடிவெடுக்கவும் இடம் தருவது என்ற ஒரு கூறு மட்டும் சுமார் 18 சதவீதம். பாசம் போதவில்லையோ என்று தவிக்கும் பெற்றோருக்கு நான் இந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்வேன்.

எங்கள் இருவருக்குள் சண்டை வரும். பிள்ளை முன்னால் போடுவதில்லை.

அறைக்கதவு சண்டையை மறைப்பதில்லை. மூன்று நாள் பேசாமல் இருப்பதும் பிள்ளைக்குச் சண்டையாகத்தான் கேட்கும். மார்க் கம்மிங்ஸ் என்பவர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். சண்டை தீர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கலக்கம் வெகுவாகக் குறைகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. பெரும்பாலான வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கும், சமாதானம் பிள்ளை தூங்கிய பிறகு நடக்கும். சமாதானமும் பிள்ளை கண்ணில் படட்டும். அடிதடி, மிரட்டல் உள்ள வீடு என்றால் பேச்சே வேறு. அங்கே முதல் வேலை பாதுகாப்பான இடம்.

எனக்கு மனநலச் சிகிச்சை நடக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்வதே நல்லது. சொல்லாவிட்டால் பிள்ளை தானே ஒரு காரணம் கண்டுபிடிக்கும். சின்னப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் காரணம் பெரும்பாலும் 'நான்தான்'. மனச்சோர்வுள்ள பெற்றோரின் குடும்பங்களோடு நீண்ட காலம் வேலை செய்த பாஸ்டன் மனநல மருத்துவர் வில்லியம் பியர்ட்ஸ்லீ, பெற்றோர் தங்கள் நோயைப் பற்றிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதையே ஒரு தடுப்பு முறையாக வகுத்தார்.

ஆறு வயதுக்கு: "அப்பாவுக்கு மனசு சோர்ந்துபோற ஒரு நோய். டாக்டர்கிட்ட போறேன். நீ எதுவும் செஞ்சதால வரல." பதினைந்து வயதுக்கு இன்னும் கொஞ்சம் விளக்கலாம், 'எனக்கும் வருமா' என்று கேட்டால் மேலே உள்ள முதல் பதிலைச் சொல்லலாம். பணக்கஷ்டத்தின் முழுக் கணக்கையும், துணைவர்மேல் உள்ள குறையையும், உயிரை விடத் தோன்றுகிறது என்பதையும் பிள்ளையிடம் இறக்கி வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது உங்களுக்கு இருந்தால் இன்றைக்கே ஒரு பெரியவரிடம், ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என் மகள் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு பதற்றமும் இல்லை.

"அம்மா, மாத்திரை போட்டியா?" என்று பத்து வயதுப் பிள்ளை தினமும் கேட்கிறது என்றால், எனக்கு மகிழ்ச்சி வருவதற்கு முன் ஒரு கேள்வி வரும்: தோழியின் வீட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வர அவளால் முடிகிறதா? முடியும் என்றால் நல்லது. 'அம்மா தனியா இருப்பாங்களே' என்று போகாமல் இருக்கிறாள் என்றால், அந்தப் பெரிய மனுஷத்தனத்துக்கு அடியில் பயம் இருக்கிறது. மாத்திரையை நினைவுபடுத்தும் வேலையைக் கைபேசியிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் சிகிச்சை எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு உண்மையிலேயே பலன் உண்டா?

அமெரிக்காவில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 151 அம்மாக்களின் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006-இல் வெளியானது. மர்னா வைஸ்மன் அதன் தலைமை ஆய்வாளர். மூன்று மாதத்தில் அம்மா குணமான வீடுகளில், பிள்ளைகளிடம் இருந்த மனநலக் கோளாறுகளின் அளவு 11 சதவீதம் குறைந்தது. அம்மா குணமாகாத வீடுகளில் 8 சதவீதம் கூடியது. மருந்து அம்மாவுக்கு மட்டும்தான் தரப்பட்டது.

கோளாறு இன்னும் வராத பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோல்டா கின்ஸ்பர்க் குழுவினர், பதற்றக் கோளாறுள்ள பெற்றோர் இருக்கும் 136 குடும்பங்களை எடுத்துச் சிலருக்குக் குடும்பமாகப் பயிற்சி தந்தார்கள். ஓராண்டில், அந்தப் பயிற்சி பெறாத வீடுகளின் பிள்ளைகளில் சுமார் 31 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு வந்தது. பயிற்சி பெற்ற வீடுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவு. 2015-இல் வெளிவந்த முடிவு இது.

ஆனாலும் ஒன்று: பிள்ளைக்கு ஏற்கெனவே பதற்றம் முற்றியிருந்தால், நீங்கள் குணமானதும் அது தானாகப் போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

பிள்ளைகள் பயப்படுவது சகஜம்தானே? எப்போது கவலைப்பட வேண்டும்?

சகஜம்தான். ஒரு வயதில் புது ஆள், மூன்றில் இருட்டு, எட்டில் சாவு, பதின்மூன்றில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது. பயம் இருக்கிறதா என்று பார்க்காமல், அது எதையெல்லாம் பறித்துக்கொண்டது என்று பாருங்கள். பள்ளிக்கூடமா, தூக்கமா, நண்பர்களா, தனியாகக் கழிப்பறைக்குப் போவதா? வாரக்கணக்கில் அப்படியே நீடித்தாலோ, ஞாயிறு மாலை ஆனால் வயிற்றுவலி, தலைவலி என்று சுருண்டு படுத்தாலோ, ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டு மனநல நிபுணரிடமும் பேசுவது நல்லது.

முதல் சந்திப்புக்குப் பிள்ளையை அழைத்துப்போக வேண்டுமா? என்ன கொண்டுபோக வேண்டும்?

வேண்டும் என்றில்லை, பல நிபுணர்கள் முதலில் பெற்றோரோடு தனியாகப் பேசவே விரும்புவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது பயந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது நான் என்ன செய்தேன். முதல் இரண்டையும் எல்லாரும் ஒழுங்காக எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் காலியாகத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள். அதில் 'கத்தினேன்', 'கூடவே படுத்துக்கொண்டேன்', 'நானும் அழுதேன்' என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். அழகுபடுத்தி எழுதினால் எங்கிருந்து தொடங்குவது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.